பரணில் ஒரு பலாப் பலகை, கையில் ஒற்றைத் தந்தி

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் மாமனார் கொல்லையில் ஒரு பலா மரம் சாய்ந்தது. அப்போது அறுத்த 2 அங்குலப் பலகை ஒன்று இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. ஏழாவது படிக்கும் மகள் பாட்டு கற்கிறாள், ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் இருக்கிறாள், வீணை வேண்டும் என்கிறாள். எனக்குத் தச்சு வேலை ஓரளவு வரும். விடுமுறையில் இந்தப் பலகையை வைத்துச் சின்னதாக ஒரு வீணை செய்துவிட முடியுமா?"

தந்தி வாத்தியம் செய்யலாம். அந்தப் பலகையில் வேண்டாம், வீணையும் வேண்டாம்.

தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலா போவது உண்மைதான். ஆனால் வீணையின் குடம், அதாவது உருண்டையான அடிப்பாகம், பலகையில் வராது. பருத்த மரத்துண்டைக் குடைந்து எடுப்பது அது. குடம், கழுத்தான தண்டி, முனையிலுள்ள யாளி முகம் எல்லாம் ஒரே மரத்தில் வந்தால் ஏகாண்ட வீணை, தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. இரண்டுமே பரம்பரைக் கைகளுக்கே சவாலான வேலை. முதல் வாத்தியத்தில் நீங்கள் எப்படியும் நாலைந்து தப்பு செய்வீர்கள். அந்தத் தப்பையெல்லாம் பிளைவுட்டில் செய்துவிட்டால் நஷ்டம் சில நூறு ரூபாயோடு போய்விடும்.

ஆகவே பெட்டி, கழுத்து, ஒரே ஒரு தந்தி. இவ்வளவு போதும். சரளி வரிசை முழுக்க ஒரு தந்தியிலேயே வாசிக்கலாம்.

பெட்டிக்குப் பழைய மேசை டிராயர் ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. 25 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம், 7 செ.மீ. ஆழம் என்ற அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. திறந்த வாயை மூடத்தான் பிளைவுட். அது 3 மி.மீ.தான் இருக்க வேண்டும், மிஞ்சினால் 4. நான் முதலில் செய்த பெட்டிக்கு, உறுதியாக இருக்கட்டும் என்று 12 மி.மீ. பலகை போட்டேன். பெட்டி அலமாரி மாதிரி நின்றது. சத்தம் கேட்கக் காதைப் பெட்டியில் வைக்க வேண்டியிருந்தது. தந்தி மட்டும் அசைந்தால் காற்று அதிகம் நகராது. அந்த அதிர்வை வாங்கிக் காற்றைத் தள்ளுவது மேல்பலகை. கனமான பலகையை ஒரு மெல்லிய தந்தியால் அசைக்க முடியாது. ஒட்டுவதற்கு முன் பலகையைப் பெட்டிமேல் வைத்து விரலால் தட்டிப் பாருங்கள்: 'டொக்' என்றால் கனம், 'டம்' என்றால் ஒட்டலாம். ஓர் ஓரத்தில் 2 செ.மீ. துளை ஒன்று போடுங்கள்.

கழுத்துக்கு மூன்றடி நீளத் தேக்கு ரீப்பர், ஒன்றரை அங்குல அகலம், ஓர் அங்குல கனம். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துக் கோணல் இல்லாததாகப் பொறுக்குங்கள். இது பெட்டிக்குள் நுழைந்து மறுமுனையில் வெளியே வரும், மேல்பரப்பு மேல்பலகையோடு ஒரே மட்டத்தில் இருக்கும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் பகுதியின் மேல்புறத்தை 6 மி.மீ. செதுக்கிவிடுங்கள். 3 மி.மீ. பலகைக்கு, மீதி 3 மி.மீ. வெறும் இடைவெளிக்கு. ரீப்பர் உள்ளே பலகையைத் தொட்டால் ஓசை செத்துவிடும். பெவிகால் போட்டு ஒரு நாள் பாரம் வைத்துக் காயவிடுங்கள்.

தந்தியை முறுக்க மரப் பிருடை செய்ய ஆசை வரும், விட்டுவிடுங்கள். பிருடையும் துளையும் ஒரே சரிவில் கூம்பாக இல்லையென்றால் வழுக்கிக்கொண்டே இருக்கும். இசைக் கருவிக் கடையில் கிட்டார் சாவி ஒன்று வாங்குங்கள். இந்த வேலையில் காசு பார்க்காமல் செலவழிக்க வேண்டிய இடம் அது.

தந்திக்குக் கடலூர் துறைமுகப் பக்கம் வலைக்கடைக்குப் போங்கள். தங்கூசி நரம்பு, அதாவது மீன்பிடி நைலான் இழை, 0.8 மி.மீ. பருமனில் கேளுங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் சாதாரண எஃகுத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், சின்ன விரலையும் வெட்டும். தங்கூசிக்கு இரண்டும் இல்லை. 60 செ.மீ. நீளத்தில் இதை 5 கட்டை சுருதிக்குச் சேர்த்தால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல் இழுக்கும், 3 மி.மீ. பலகை தாங்கும். இன்னும் சத்தமாகக் கேட்கட்டும் என்று முறுக்கிக்கொண்டே போகாதீர்கள். ஒரு ஸ்தாயி (ஸ முதல் மேல் ஸ வரை) ஏற்ற இழுவிசை நான்கு மடங்காக வேண்டும், அதற்கு முன் பெட்டி வாய் பிளந்துவிடும். புதுத் தங்கூசி முதல் சில நாள் நீண்டுகொண்டே இருக்கும், சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் ஈரம் குடித்தும் தளரும். உங்கள் வேலையில் குறை என்று நினைக்க வேண்டாம், முறுக்கிச் சேர்த்தால் போதும்.

அப்புறம் மெட்டு, அதாவது ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கழுத்தின் குறுக்கே வைக்கும் குச்சி. எனக்கு இதில் பிடித்த கட்டமே இதுதான்.

கழுத்தின் மேல்முனையில் தந்தியைத் தாங்குவது மேல்முனைக் கட்டை, பெட்டிமேல் தாங்குவது குதிரை; அந்தக் கட்டையிலிருந்து குதிரை வரை தந்தியின் நீளம் சரியாக 60 செ.மீ. இருக்கட்டும். குதிரை, பெட்டியின் வால்முனையிலிருந்து 8 செ.மீ. உள்ளே வரும். ஏன் 60? மகளிடம் ஸ்கேலைக் கொடுத்து மேல்முனையிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். பாதி, அதாவது 30 செ.மீ., மேல் ஸட்ஜம். மூன்றில் ஒரு பங்கு, 20 செ.மீ., பஞ்சமம். நாலில் ஒரு பங்கு, 15 செ.மீ., சுத்த மத்யமம். ஐந்தில் ஒரு பங்கு, 12 செ.மீ., அந்தர காந்தாரம். ஒரு கணக்கு நோட்டே கழுத்தில் ஏறி உட்கார்ந்தது மாதிரி இருக்கும். சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில்தானே? சுத்த ரிஷபத்துக்கு 3.75, சுத்த தைவதத்துக்கு 22.5, காகலி நிஷாதத்துக்கு 28. ஏழு மெட்டும் முடிந்தது. நாளைக்கே சங்கராபரணம் வேண்டுமென்றால் இரண்டை மட்டும் நகர்த்தினால் போதும்: ரிஷபம் 6.7, தைவதம் 24.

நகர்த்த வேண்டியிருக்கும் என்பதால்தான் மெட்டை ஒட்டாதீர்கள் என்கிறேன். வீணையில்கூட 24 மெட்டும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சுருதி பிசகினால் சூடு காட்டி நகர்த்துவார்கள். உங்களுக்கு 3 மி.மீ. மூங்கில் குச்சியும் செல்லோ டேப்பும் போதும். மேல்முனைக் கட்டை 5 மி.மீ. உயரம், குதிரை 9 மி.மீ. உயரம் இருந்தால் விரலுக்கு இதமாக இருக்கும்.

இனி ஸ்கேலை ஓரமாக வைத்துவிட்டுக் காதைத் தீட்டுங்கள். தந்தியை அழுத்தும்போது அது கொஞ்சம் கூடுதலாக இழுபடும், அதனால் எல்லா ஸ்வரமும் ஒரு மயிரிழை ஏறித்தான் கேட்கும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. 30 செ.மீ. மெட்டுக்கு நேரே தந்தியை அழுத்தாமல், விரல் நுனி பட்டும் படாமல் வைத்து மீட்டுங்கள், மீட்டியதும் விரலை எடுத்துவிடுங்கள். மணி மாதிரி ஒரு மேல் ஸட்ஜம் வரும். அது கலப்படமில்லாதது. இப்போது அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்தியது ஏறிக் கேட்டால் குதிரையை வால்முனைப் பக்கம் 1 மி.மீ. தள்ளுங்கள், மறுபடி கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று மி.மீட்டரில் இரண்டும் சேர்ந்துவிடும். குதிரையை ஒட்டவே கூடாது; தந்தியின் அழுத்தமே அதைப் பிடித்துக்கொள்ளும். நான் ஒரு தடவை ஒட்டிவிட்டுக் கத்தியால் நெம்பியதில் பிளைவுட்டின் மேல்தோல் உரிந்து கையோடு வந்தது. மற்ற மெட்டுகளை உங்கள் மகளே சரிபார்க்கட்டும், தம்பூரா செயலியைப் போட்டுப் பாடிக்கொண்டே குச்சியை அரை மி.மீ., ஒரு மி.மீ. என்று நகர்த்தினால் போதும். ஒரு வாரம் கழித்தும் இடம் மாறவில்லை என்றால் பெவிகால் வைக்கலாம். எங்காவது கரகரவென்று இரைந்தால், அழுத்திய மெட்டுக்கு அடுத்த மெட்டு உயரமாக இருக்கிறது, உப்புத்தாளால் தேயுங்கள்.

பலகை விஷயத்துக்கு வருகிறேன். தானே கரையேறியது 2011 டிசம்பர் 30. ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது தச்சர்களின் கைக்கணக்கு, அந்தக் கணக்குப்படி உங்கள் பலகை எப்போதோ காய்ந்துவிட்டது. பரணிலிருந்து இறக்கி, ஓரத்தில் வெளுத்த பகுதியில் பொடி கொட்டுகிறதா, ஊசித் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பூச்சி அந்த வெள்ளையில்தான் முதலில் விழும். மஞ்சளும் பழுப்புமாக இருக்கிற வைரம், அதாவது உள்மரம், நன்றாக இருந்தால், வெள்ளையை மட்டும் அறுத்து எறிந்துவிட்டு, அடியில் சட்டம் கொடுத்துப் படுக்கவையுங்கள். மூன்றாவது வாத்தியத்துக்கு உதவும்.

மகளுக்கு ஏமாற்றமாக இருக்குமோ என்று யோசித்தால், பலகையின் முனையைப் பாருங்கள். எப்படியும் அங்கே வெடிப்பு விட்டிருக்கும், ஒரு சாண் கழிவுதான். வெடிப்புக்கு நடுவே நல்ல வைரமாக ஒரு துண்டு அறுத்தால் குதிரைக்கும் மேல்முனைக் கட்டைக்கும் சரியாக இருக்கும்.