லூனார் டிஸ்டன்ஸ்ல லாஞ்சிட்யூட் அரை டிகிரி தப்பா வருதா? புது செக்ஸ்டன்ட் வாங்காதீங்க

கேள்வி: மாடியில நின்னு செக்ஸ்டன்ட்ல (கோணம் அளக்கற கருவி) நிலாவுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல கோணம் (இதுதான் லூனார் டிஸ்டன்ஸ்) எடுத்து, அதுல இருந்து நேரமும் லாஞ்சிட்யூடும் கண்டுபிடிச்சுப் பழகறேன். லாஞ்சிட்யூட் அரை டிகிரி தள்ளிப் போகுது. விக்கறவர் வேற செக்ஸ்டன்ட் வாங்கச் சொல்றார், வாங்கலாமா?

வேண்டாங்க. நிலா நட்சத்திரங்களுக்கு நடுவுல மணிக்கு சுமார் அரை டிகிரிதான் நகருது, அதனால கோணத்துல 1 ஆர்க் மினிட் (டிகிரியில அறுபதுல ஒரு பங்கு) தப்புன்னா நேரத்துல 2 நிமிஷம், லாஞ்சிட்யூட்ல அரை டிகிரி. அதாவது உங்க தப்பு மொத்தமே ஒரு ஆர்க் மினிட்தான், அது பெரும்பாலும் இண்டெக்ஸ் எரரா (பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்துல கருவி காட்டற தப்பு) இருக்கும். ஒவ்வொரு செட் ரீடிங்குக்கும் முன்னாடியும் பின்னாடியும் அதைப் பாருங்க, டிரம்மை (அளவு படிக்கற திருகு) எப்பவும் ஒரே பக்கமா திருப்பி நிறுத்துங்க.

நிலாவுக்குக் கிழக்கே ஒரு நட்சத்திரம், மேற்கே ஒண்ணு எடுங்க. கருவியில தப்புன்னா ரெண்டும் லாஞ்சிட்யூட்டை எதிரெதிர் பக்கம் தள்ளும், சராசரி எடுத்தா பெரும்பாலும் அடிபட்டுப் போயிடும்.

இந்த விக்கறவங்க விஷயத்துல ரொம்ப உஷாரா இருங்க. ஷோகேஸ்ல வைக்கற பித்தளை சாமானை பழைய கப்பல்ல இருந்து வந்ததுன்னு தள்ளி விடறாங்க, பிழையே இல்லைன்னு ஒரு சர்ட்டிபிகேட்டும் சேர்த்து, கீழ விழுந்து ஆர்ம் (கருவியோட நகரற கை) வளைஞ்சதை அந்தக் காகிதம் சொல்லுமா? கருவியில தெரியற சூரியனோட ரெண்டு பிம்பத்தையும் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை (ஷேடு போட்டுத்தான்!) விளிம்போட விளிம்பு தொட வச்சு அளந்து பார்க்க விடாதவர்கிட்ட வாங்கவே வாங்காதீங்க. ஆன் ஆர்க் (பூஜ்யத்துக்கு மேல), ஆஃப் ஆர்க் (பூஜ்யத்துக்குக் கீழ) ரீடிங்கைக் கூட்டி நாலால வகுத்தா அன்னிக்கு அல்மனாக்ல (வான அட்டவணைப் புத்தகம்) போட்டிருக்கற சூரியனோட செமி டயாமீட்டர் (பாதி விட்டம்) வரணும்.

இன்னொண்ணு, சிரியஸ் பளிச்சுன்னு இருக்கேன்னு எடுக்காதீங்க. நிலா போற பாதையை விட்டு ரொம்ப விலகி இருக்கு, நிலா அதுக்கு நேர் பக்கவாட்டுல போறப்போ தூரம் (அதாவது நீங்க அளக்கற கோணம்) மாறவே மாறாது, தூரம் மாறலைன்னா நேரம் எங்கிருந்து வரும், அப்ப எவ்வளவு அழகா தொட வச்சாலும் வீண். ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை மாதிரி பாதையை ஒட்டினதை எடுங்க, அதுவும் நிலாவுக்கு ரொம்பக் கிட்ட இருக்கறப்போ விட்டுடுங்க.

1767-ல இருந்து பிரிட்டிஷ் நாட்டிகல் அல்மனாக்ல 3 மணி நேரத்துக்கு ஒரு தூரம்னு அச்சடிச்சே குடுத்தாங்க, 1906-ஓட நிறுத்திட்டாங்க. ஒரு டேபிளை விட்டு வச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? இப்ப நீங்கதான் கணக்கு போடணும். பழகறதுக்கு சாப்ட்வேர் போதும், நீங்க நிக்கற இடம் தெரியும்கறதால நிலா, நட்சத்திரத்தோட உயரத்தையும் அதுவே போட்டுடும், அளக்கறதுக்கு ஹொரைசனே (அடிவானம்) வேண்டாம். நீங்க நட்சத்திரத்தை நிலாவோட வெளிச்ச விளிம்புல தொட வச்சு, செக்ஸ்டன்ட்டை லேசா ஆட்டிப் பார்த்து, அஞ்சாறு ரீடிங் சராசரி எடுங்க.