வாசகர் கேள்வி–பதில்: ஒரு பல்பும் ஒரு வெள்ளை வேட்டியும்

கேள்வி: வீட்டிலேயே தேன்குழல், சீப்புச் சீடை, வெள்ளைப் பணியாரம் செய்து ஆர்டரின் பேரில் கொடுத்து வருகிறேன். பகல் முழுதும் அடுப்படியிலேயே கழிவதால், இரவில்தான் கைபேசியில் படம் எடுக்க முடிகிறது. பணியாரம் சாம்பல் பூத்ததுபோலவும் சீடை தட்டையாகவும் விழுகின்றன. ரிங் லைட் வாங்கினால் சரியாகிவிடுமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: வாங்க வேண்டாம். ரிங் லைட் முகத்தைப் படம் பிடிக்க ஏற்றது. லென்ஸ் இருக்கும் திசையிலிருந்தே அதன் ஒளி பாய்வதால் நிழல் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. நிழல் மறைந்தால் சீப்புச் சீடையின் வரிகளும் தேன்குழலின் சுற்றுகளும் எடுபடா. போதாததற்கு, எண்ணெய் மினுக்கம் உள்ள இடமெல்லாம் சின்னச் சின்ன வளையங்கள் தெரியும்.

உங்களுக்குத் தேவையானவை நல்ல எல்.இ.டி. பல்பு ஒன்று, ஹோல்டர், வெள்ளை மல் வேட்டி, தெர்மோகோல் அட்டை ஆகியவைதாம். வேட்டி அனேகமாக வீட்டிலேயே இருக்கும். மற்றவற்றுக்குச் சில நூறு ரூபாய் போதும். பல்பு வெறுமனே எரியும்போது ஒளி ஒரு சிறிய இடத்திலிருந்து வருவதால் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழும். அதன் முன்னே வேட்டியை ஒற்றையாக இழுத்துக் கட்டிவிட்டால், அந்தத் துணி முழுவதுமே விளக்காகிவிடுகிறது. பல்பு துணிக்கு இரண்டடி பின்னாலும், தட்டு துணிக்கு ஒன்றரை அடி முன்னாலும் இருக்கட்டும். கரைச் சாயம் ஒளி வரும் பகுதியில் படாதபடி மடித்துக்கொள்ளுங்கள். தட்டைத் துணியிலிருந்து தள்ளத் தள்ள நிழல் மறுபடியும் முரடாகும் என்பதால், படச் சட்டத்துக்குள் துணி தெரியாத அளவுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்குங்கள். எல்.இ.டி. அல்லாத, சூடேறும் பழைய குண்டு பல்பைத் துணியருகே கொண்டுபோக வேண்டாம்.

அடுத்தது திசை. தட்டைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு, நீங்கள் ஆறு மணியில் நின்றால், விளக்கு பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் இருக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து சாய்வாக வரும் அந்த ஒளியில்தான் சீடையின் ஒவ்வொரு வரியும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். எதிர்ப்புறம் நிழல் கறுத்துத் தெரிந்தால், அங்கே தெர்மோகோலை நிறுத்தி ஒளியைத் திருப்பிவிடுங்கள். இரண்டாவது விளக்கு எதற்கும் வேண்டாம். கூடத்துக் குழல் விளக்கையும் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் இரண்டு நிற ஒளி கலந்த படத்தைப் பிறகு எந்தச் செயலியாலும் முழுமையாகச் சரிசெய்ய இயலாது.

பல்பு வாங்கும்போது வாட்டைவிட, பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது குறைந்த விளக்கில் வரமிளகாயின் சிவப்பும் பொரித்த பலகாரத்தின் பொன்னிறமும் வெளிறிவிடும். படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக இருள் விழுந்தால் விளக்கு துடிக்கிறது என்று பொருள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கைபேசிக் கேமராவின் புரோ முறையில் (அமைப்புகளை நாமே மாற்றும் முறை) ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் அது போய்விடும்.

பணியாரம் சாம்பலாவதற்கு விளக்கு காரணமன்று. கேமரா எதைக் கண்டாலும் அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரவே முயலும். வெள்ளைத் தட்டில் வெள்ளைப் பணியாரத்தைக் கண்டதும் வெளிச்சம் மிகுதி என்று கணித்து மங்கலாக்கிவிடுகிறது. திரையில் பணியாரத்தைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே இழுங்கள். மேற்புறத்து நுண்துளைகள் மறையத் தொடங்கும் முன் நிறுத்துங்கள். கறுப்பான கவுனி அரிசிக்கு இதற்கு நேர்மாறாகக் கீழே இழுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பழைய பித்தளைச் சாமான்களும் வெள்ளிச் சிமிழ்களும் விற்கிறேன். எப்படி எடுத்தாலும் என் முகமும் கைபேசியும் பொருளிலேயே தெரிகின்றன.
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: துலக்கிய உலோகத்துக்குத் தன் தோற்றம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, சுற்றிலும் உள்ளதையே அது காட்டுகிறது. ஆகவே விளக்கை மாற்றுவதைவிடச் சுற்றுப்புறத்தை மாற்றுங்கள். பொருளைச் சுற்றி வெள்ளைத் துணியால் சிறு கூடாரம் அமைத்து, லென்ஸ் நுழையும் அளவுக்கு மட்டும் திறப்பு விட்டு, வெளியிலிருந்து ஒளியைப் பாய்ச்சுங்கள். சற்றுப் பின்வாங்கி நின்று 2 மடங்கு ஜூமில் எடுத்தால் கைபேசியின் பிம்பமும் சிறுத்துவிடும். ஆனால் எல்லாப் பக்கமும் வெள்ளையாகிவிட்டால் சிமிழின் விளிம்பு பின்னணியோடு கரைந்துபோகும். சட்டத்துக்குச் சற்று வெளியே இருபுறமும் கறுப்புச் சார்ட் அட்டையை மெல்லிய கீற்றுகளாக நிறுத்தினால், உருவத்துக்குக் கோடு இழுத்ததுபோல் ஓரம் துலங்கும். புடைப்பு வேலைப்பாட்டைக் காட்ட வேண்டுமானால் மட்டும் கூடாரத்தை நீக்கி, மேற்பரப்பை உரசிக்கொண்டு போகும்படி ஒளியைத் தாழ்வாகச் செலுத்துங்கள். அழுக்குத் துணியால் துடைத்த கோடுகளும் அப்போது தெரியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் பின்னும் ஓலைக் கொட்டான்களை முற்றத்து ஆத்தங்குடித் தரையிலேயே வைத்து எடுக்கலாமா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: எடுக்கலாம், உச்சி வெயில் நேராக இறங்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம். திறந்த வானத்தைப் பார்த்த நிழற்பகுதி, அதாவது தூண்களை ஒட்டிய தாழ்வார ஓரம், எந்த விளக்கையும்விட மேலானது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் கண்ணாடியின் மேல் வார்த்துச் செய்யப்படுவதால் பளபளப்பு மிக்கது. ஒளி எதிரிலிருந்து வந்தால் தரை வெளுத்துப் பூவேலை மறைந்துவிடும். ஆகையால் பக்கவாட்டிலிருந்து வரும்படி நில்லுங்கள். சிவப்புத் தரை கொட்டானின் அடிப்பகுதியில் தன் நிறத்தை ஏற்றும்; சாயத்தின் நிறத்தை வாங்குபவர் சரியாக அறிய வேண்டும் என்றால், வெள்ளைத் துணியின் மேல் வைத்தும் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.