மகள் கருத்தாய்வு மென்பொருள் படிக்கட்டுமா? ஒரு தாயாருக்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

மொழியியலும் உளவியலும் சேர்த்துப் படிக்கும் உங்கள் மகள், மே மாதம் தொடங்கும் நீண்ட விடுமுறையில் இணையக் கருத்தாய்வுகளையும் மனம் மொழியை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கும் உளமொழியியல் சோதனைகளையும் வடிவமைக்கும் மென்பொருள்களைக் கற்கப்போவதாகச் சொல்கிறார். இதில் வேலை கிடைக்குமா, பேசாமல் கோடிங் வகுப்பில் சேர்த்துவிடலாமா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படிக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனைதான் சொல்வேன்: மென்பொருளைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்வியை எடுக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு ஒரு சின்ன ஆய்வை முதலிலிருந்து கடைசிவரை தாமே வடிவமைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் பத்து மென்பொருள்களின் பயிற்சிக் காணொளிகளைப் பார்த்து முடித்தால், விடுமுறை முடியும்போது கையில் ஒன்றும் நிற்காது.

இந்தக் கருவிகள் இரண்டு வகை. குவால்ட்ரிக்ஸ், லைம்சர்வே, கூகல் ஃபார்ம்ஸ் போன்றவை கேள்விகேட்டுப் பதில் வாங்குபவை. சைக்கோபை, ஜேஎஸ்சைக், பிசிஐபெக்ஸ், ஓப்பன்செசமி போன்றவை திரையில் ஒரு சொல்லையோ படத்தையோ காட்டி, பார்ப்பவர் எத்தனை மில்லிவினாடியில் விசையை அழுத்துகிறார் என்று அளப்பவை. உங்கள் மகள் ஒவ்வொரு வகையிலும் ஒன்றைக் கற்றால் போதும். ஒன்றை முழுதாகக் கற்றவருக்கு அடுத்ததைப் பிடிக்க அதிக நாள் ஆகாது.

முதல் வகையைப் பலரும் எளிது என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். பொத்தான்களை அழுத்துவது எளிதுதான். கேள்வியை எழுதுவதில்தான் சிரமமே. "வீட்டில் தமிழ் பேசுகிறீர்களா?" என்று ஒரு கேள்வியைப் போட்டு, ஆம், இல்லை என்று இரண்டு பதில்களைக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? பாட்டியிடம் தமிழிலும் தம்பியிடம் ஆங்கிலத்திலும் பேசும் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்? பாட்டியிடம், அப்பாவிடம், அம்மாவிடம், உடன்பிறந்தவர்களிடம் என்று ஆள்வாரியாகக் கேட்க வேண்டும். அவர்கள் பேசுவதையும் இவர் பேசுவதையும் தனித்தனியே கேட்க வேண்டும், ஏனென்றால் அம்மா தமிழில் கேட்க மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வீடுகள் இங்கே ஏராளம். வீட்டில் பாட்டி இல்லாதவருக்குப் பாட்டியைப் பற்றிய கேள்வியே வரக்கூடாது. அங்கேதான் மென்பொருளின் கிளைபிரிக்கும் வசதி கைகொடுக்கிறது.

கேள்வியின் வடிவம் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு நம் சிங்கப்பூரின் கணக்கெடுப்பே சாட்சி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் ஆக அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. அதோடு நிறுத்தியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது ஒரு படம். அடுத்தபடியாகப் பேசும் மொழி எது என்றும் அதே கணக்கெடுப்பு கேட்டது. ஆங்கிலமே ஆக அதிகம் என்றவர்களில் 87 விழுக்காட்டினர் வீட்டில் வேறொரு மொழியையும் பேசுவது அந்தக் கேள்வியால்தான் தெரியவந்தது. உங்கள் மகள் வருங்காலத்தில் எந்த அலுவலகத்தில் உட்கார்ந்தாலும், "இந்த இரண்டாவது கேள்வியையும் கேட்டாக வேண்டும்" என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சொந்தமாக எழுதத் தொடங்குமுன், அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட லீப்-கியூ என்ற மொழிப்பின்னணி வினாத்தாளை ஒருமுறை ஊன்றிப் படிக்கட்டும். இருமொழியாளரிடம் எதையெல்லாம் கேட்கலாம் என்பது அதில் விளங்கும்.

இனி சோதனை மென்பொருள். மிக எளிய சோதனை ஒன்றைச் சொல்கிறேன். திரை நடுவே கூட்டல்குறி அரை வினாடி தெரிகிறது. பிறகு ஓர் எழுத்துக்கோவை. "கதவு" என்றால் ஜே விசை, "கதளு" என்றால் எஃப் விசை. சொல்லா, சொல் இல்லையா என்று முடிவெடுப்பதுதான் பங்கேற்பவரின் வேலை. முடிவில் ஒரு கோப்பு வரும். ஒவ்வொரு வரியிலும் பங்கேற்பாளர் எண், காட்டிய சொல், அழுத்திய விசை, சரியா தவறா, எடுத்த நேரம். இந்த வகைச் சோதனைகளில் நாம் தேடும் வேறுபாடு பெரும்பாலும் சில பத்து மில்லிவினாடிதான். சாதாரணத் திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது, அதாவது 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறை. அதனால்தான் பங்கேற்பவர் கைப்பேசியில் செய்தாரா மடிக்கணினியில் செய்தாரா என்பதைக்கூடக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

தமிழில் சோதனை வைப்பவருக்கு ஆங்கிலக் கையேடுகள் சொல்லாத சிக்கல்கள் வரும். உங்கள் மகளுக்குத் தனி மதிப்பு பிறப்பது அந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம். சொல்லின் நீளம் வாசிக்கும் நேரத்தைப் பாதிக்கும் என்பதால் ஆய்வாளர்கள் எழுத்துகளை எண்ணிச் சமன் செய்வார்கள். "கொக்கு" என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கணினி நிரலிடம் கேட்டால் 6 என்று சொல்லும். நமக்கு அது மூன்றெழுத்து. ஒகரக் குறியும் உகரக் குறியும் புள்ளியும், கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் தனித்தனியே எண்ணப்படுவதால் வரும் வினை. இதைக் கவனிக்காதவர் தம் சொற்பட்டியலைச் சமன் செய்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. வாக்கியத்தைச் சொல் சொல்லாகக் காட்டி, இடைவெளி விசையை அழுத்த அழுத்த அடுத்த சொல் வருமாறு செய்யும் சோதனை ஒன்று உண்டு. "கமலா முருகனைப் பார்த்தாள்" என்பதற்கும் "முருகனைக் கமலா பார்த்தாள்" என்பதற்கும் வாசிப்பு நேரம் மாறுகிறதா என்று அதில் பார்க்கலாம். ஆனால் "முருகனைப்" என்ற சொல் வந்ததுமே அடுத்த சொல் பகரத்தில் தொடங்கும் என்பதை ஒற்று காட்டிக்கொடுத்துவிடுகிறது! ஒற்றை எடுத்துவிட்டால் எழுத்துப்பிழை என்று வாசகர் தடுமாறுவார். ஒற்று மிகாத எழுத்தில் தொடங்கும் சொற்களாகப் பார்த்து வாக்கியங்களை அமைப்பது ஒரு வழி. இதைத் தமிழ் அறிந்தவர்தான் யோசிக்க முடியும்.

ஒருவரே இரண்டு வடிவத்தையும் படித்தால் இரண்டாவது முறை வேகமாகப் படித்துவிடுவார். ஆகையால் 24 வாக்கியங்கள் இருந்தால் ஒரு குழுவுக்குப் பாதி ஒரு வடிவிலும் மறுபாதி இன்னொரு வடிவிலும், மற்றக் குழுவுக்கு அதைத் திருப்பியும் கொடுப்பார்கள். இடையிடையே தொடர்பில்லாத வாக்கியங்களைக் கலந்து, ஆய்வின் நோக்கத்தை யாரும் ஊகிக்காமல் பார்த்துக்கொள்வார்கள். செயற்கை நுண்ணறிவு நிரலை எழுதிக் கொடுத்துவிடாதா என்று கேட்டிருந்தீர்கள். எழுதிக் கொடுக்கும். இந்தப் பங்கீடு சரியாக விழுந்திருக்கிறதா என்று கோப்பைத் திறந்து சரிபார்க்க ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதராகத்தான் உங்கள் மகள் ஆக வேண்டும்.

எதில் தொடங்குவது? தமிழ் வாக்கியங்களோடு வேலை என்றால் பிசிஐபெக்ஸ் என்பேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான இலவசக் கருவி அது. உலாவியிலேயே ஓடுவதால் தமிழ் எழுத்துகள் உடையாமல் தெரியும். உளவியல் பக்கம் சாய்வதானால் சைக்கோபை. நாட்டிங்ஹம் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பியர்ஸ் தொடங்கியது, அதுவும் இலவசம், நிரல் எழுதாமல் பெட்டிகளை அடுக்கியே சோதனையை உருவாக்கலாம். அதில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்பதை மட்டும் முதல் நாளே சோதித்துக்கொள்ளட்டும். கருத்தாய்வுக்குக் குவால்ட்ரிக்ஸ் உரிமத்தைப் பல பல்கலைக்கழகங்கள் வாங்கிவைத்திருக்கின்றன. மாணவர் கணக்கில் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கட்டும், இல்லையென்றால் லைம்சர்வே. தரவு வந்தபின் அலச ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழி. நீங்கள் நினைக்கும் கோடிங் அங்கே தானாக வந்து சேரும், அதுவும் ஒரு காரணத்தோடு.

பணத்தைப் பற்றி. இவை எதற்கும் ஆயிரக்கணக்கான வெள்ளி கட்டிச் சான்றிதழ் வாங்கத் தேவையில்லை. பயிற்சிக்காக அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை 25 வயதில்தான் தொடங்குகிறது, அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். எல்லாக் கருவிகளுக்கும் நல்ல கையேடுகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன.

வேலை விஷயத்தில் உங்களுக்கு வீண் நம்பிக்கை தர மாட்டேன். "குவால்ட்ரிக்ஸ் தெரியும்" என்ற ஒரு வரிக்காக யாரும் வேலை கொடுப்பதில்லை. ஆனால் பயனர் ஆய்வு, சந்தை ஆய்வு, அரசாங்க அமைப்புகளின் ஆய்வுப் பிரிவுகள், மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு உதவியாளர் பணி ஆகியவற்றுக்கெல்லாம் நேர்முகத் தேர்வில் கேட்கப்படுவது ஒன்றுதான்: நீங்கள் செய்த ஓர் ஆய்வைச் சொல்லுங்கள், ஏன் அப்படி வடிவமைத்தீர்கள்? விடுமுறையில் ஓர் ஆய்வை முடித்தவருக்கு அதற்குப் பதில் இருக்கும். பேச்சுச் சிகிச்சை படிக்க நினைத்தாலும் இந்தப் பயிற்சி வீண்போகாது. சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்திலேயே இப்போது அதற்கு இளநிலைப் பட்டம் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையை மட்டும் அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஆட்களிடம் தரவு திரட்டி அதை ஆய்வாக வெளியிடக்கூடாது. நண்பர்கள் நாலு பேரிடம் ஓட்டிப் பார்ப்பது பயிற்சி, அது பயிற்சியாகவே இருக்கட்டும். அடையாள அட்டை எண்ணைப் படிவத்தில் கேட்கவே வேண்டாம். 2019 செப்டம்பர் முதல், சட்டம் கோரும் இடங்களைப்போன்ற சில சூழல்களைத் தவிர நிறுவனங்கள் அதைத் திரட்டக்கூடாது என்பது தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதி.

இந்த வாரமே செய்யக்கூடியது: துறையில் யாராவது நடத்தும் சோதனையில் பங்கேற்பாளராகப் போய் உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வரட்டும். அடுத்து, தமக்குப் பிடித்த பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதட்டும். இளநிலை மாணவர்களை ஆய்வில் சேர்த்துக்கொள்ளும் திட்டங்களான, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமானால் யுரேகாவையும் (URECA), சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமானால் யூரோப்பையும் (UROP) குறிப்பிட்டு, "உங்கள் ஆய்வகத்தில் ஏதாவது வாய்ப்பு இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்காமல், தம் கேள்வியை இரண்டு வரியில் எழுதி, அதற்குத் தாம் யோசித்த ஆறு மாதிரி வாக்கியங்களையும் இணைத்து அனுப்பட்டும். எழுதியதை அனுப்புமுன் என்னிடம் காட்ட விரும்பினால் படித்துச் சொல்கிறேன்.