அரசியின் தோழியரும் அரசனின் நாயகியும்

கேள்வி: பதினாறாம் நூற்றாண்டு பிரெஞ்சு அரசவையைக் களமாகக் கொண்டு சரித்திர நாவல் ஒன்று எழுதிவருகிறேன். இரண்டாம் ஹென்றியின் ஆசைநாயகி டயான் த புவாத்தியே தனி மாளிகையில் மறைந்து வாழ்வதாகவும், அரசி கேத்தரினின் தோழியர் தட்டேந்தி நிற்கும் சேடிகள் என்றும் படைத்திருக்கிறேன். படித்த தோழி இரண்டுமே தவறு என்கிறார். எதை மாற்றுவது? – வாசகி ஒருவர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தோழி சொல்வதே சரி. இரண்டையும் மாற்றுங்கள், மாற்றினால் நாவலுக்கு வலு கூடும்.

அரசியின் இல்லம் என்பது பதவி வரிசையும் சம்பளப் பட்டியலும் கொண்ட தனி நிர்வாகம். பிரபுக்களின் மனைவியரும் மணமாகாத மகள்களும் அதில் இடம்பெற்று, அரசி திருப்பலிக்குச் செல்லும்போதும், வேட்டைக்குப் புறப்படும்போதும், தூதர்களைச் சந்திக்கும்போதும் உடனிருந்தார்கள். விறகும் தண்ணீரும் சுமக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். உயர்குடிப் பெண்ணொருத்தி அரசவையில் கௌரவத்தோடு வாழ இதைவிட்டால் வேறு வாசல் அநேகமாக இல்லை என்பதால், மன்னரின் கண்ணில் படும் பெண்களில் பலரும் அந்தப் பரிவாரங்களிலிருந்தே வந்தார்கள். ஹென்றியின் தந்தை முதலாம் பிரான்சிஸின் நாயகியான ஆன் த பிஸ்லூ, மன்னரின் தாயார் லூயிஸிடம் பணியில் இருந்தவர்தான்.

டயானும் இளமையில் பிரான்சிஸின் மனைவி அரசி குளோடுக்குத் தோழியாக இருந்தவர். 1531இல் கணவரை இழந்த பிறகு கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறம் அவர் உடுத்தவில்லை என்பார்கள். ஹென்றி அவரைவிட ஏறத்தாழ இருபது வயது இளையவர். 1533இல் ஹென்றிக்கும் கேத்தரினுக்கும் திருமணம் நடந்தபோது இருவருக்கும் வயது 14. பத்தாண்டுகளாகக் குழந்தையில்லை, கேத்தரினை விலக்கிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அப்போது ஹென்றியை மனைவியிடம் போகும்படி வற்புறுத்தியவர் டயான். கேத்தரின் அவருக்குத் தூரத்து உறவு. அவர் போய், செல்வாக்குமிக்க வேறொருத்தி அரசியாக வந்தால் தம் இடமே ஆட்டம் காணும் என்பதை டயான் உணர்ந்திருந்தார். 1544இல் மூத்த மகன் பிறந்தான். பிள்ளைகளின் வளர்ப்பிலும் டயானின் கையே ஓங்கியிருந்தது. நாயகியின் தயவால் நிலைத்த அரசி என்ற இந்த அவமானம்தான் உங்கள் கதையின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். அதை அழகுப் போட்டியாகச் சுருக்கிவிடாதீர்கள்.

1547இல் ஹென்றி முடிசூடியதும் ஷெனோன்சோ மாளிகை டயானுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு வாலென்டினுவா சீமாட்டி என்ற பட்டமும் சேர்ந்தது. அவருடைய மூத்த மகள் பிரான்சுவாஸ், கேத்தரினின் தோழியருள் தலைமைப் பதவியை ஏற்றார். அரண்மனைச் சுவர்களில் ஹென்றியின் முதலெழுத்தான 'எச்'சின் இரு கால்களோடும் பிறைபோன்ற இரு வளைவுகள் பின்னிய சின்னத்தைச் செதுக்கினார்கள். அரசியின் பெயரில் வரும் 'சி' என்றும் அதைப் படிக்கலாம். நாயகியின் பெயரில் வரும் 'டி' என்றும் படிக்கலாம். நாள்தோறும் அந்தச் சின்னத்தின் கீழே நடந்துபோகும் கேத்தரினுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

நாயகியின் அதிகாரம் மன்னரின் மூச்சோடு கட்டுண்டது. ஆன் த பிஸ்லூ 1547இல் பிரான்சிஸ் இறந்தவுடனேயே அரசவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். டயானுக்கும் அதே கதிதான். 1559 ஜூன் 30 அன்று நடந்த ஈட்டிப் போட்டியில், டயானின் கறுப்பு வெள்ளை நிறங்களை அணிந்து களமிறங்கிய ஹென்றிக்கு முகத்தில் காயம்பட்டது. ஜூலை 10 அன்று இறக்கும்வரை அவர் உயிருக்குப் போராடினார். படுக்கையருகே டயானை நெருங்கவிடவில்லை. அரச நகைகளைத் திருப்பித் தர நேர்ந்தது. ஷெனோன்சோவைக் கொடுத்துவிட்டு ஷோமோன் கோட்டையை ஏற்க வேண்டியதாயிற்று. 1566இல் ஆனே என்னும் ஊரில் இருந்த தம் சொந்த மாளிகையில் அவர் காலமானார்.

அந்தப் பத்து நாள்களை அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். தாய்க்குக் கதவு சாத்தப்பட்ட அந்த நேரத்தில், பதவியால் அரசியின் இல்லத்துக்குரியவராக இருந்தவர் மகள் பிரான்சுவாஸ். அவருடைய கண்வழியே அந்த அத்தியாயத்தை எழுதிப் பாருங்கள்.