இரும்புக்கடைக்குப் போகும் கல்வெட்டுகள்

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்துகளை நெடுநாளாக வாசிக்கிறேன். புதிய கருவி எது வந்தாலும் எனக்குக் கை பரபரக்கும். வீட்டில் ஏச்சு வாங்காத மாதமில்லை. விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டதால் புது லப்டொப் எடுக்க நிற்கிறேன். தமிழில் எழுத எது நல்லது? குறிப்பெடுக்க எந்தச் செயலி? மடிக்கும் போன் வாங்கலாமா? இடம் காணாததால் அப்பாவின் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியை இரும்புக்காரரிடம் கொடுக்கப்போகிறேன். ஊராருக்கு அவர் தட்டிக்கொடுத்த கல்வெட்டுகள் அதில் நிறையக் கிடக்கின்றன. ஒன்றிரண்டை பென் டிரைவில் எடுத்து என் லப்டொப்பில் திறந்தேன். எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை.

சு., உப்புவெளி

அன்புள்ள சு.,

மடிக்கும் போன் விஷயத்தில் நீங்கள் ஏற்கனவே முடிவெடுத்துவிட்டீர்கள். என்னிடம் கேட்பது வீட்டில் காட்ட ஒரு சாட்சிக் கையெழுத்து. போடமாட்டேன். குறிப்பெடுக்கும் செயலி எதுவானால் என்ன, எழுதுகிறவருக்கு நோட்பேட் போதும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்ரோபர் 14உடன் நின்றது உண்மைதான். அதற்காக ஓடிக்கொண்டிருக்கிற லப்டொப் அன்றிரவே செத்துவிடவில்லை. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்ரெல் புரொசெசர் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். உங்களுடையது அதற்குக் கீழே என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். கருவிப் பித்து உள்ளவருக்கு அதைவிட மலிவான பொழுதுபோக்குக் கிடைக்காது. பித்தை நான் பழிக்கவில்லை. புதுப் பெட்டியைப் பிரிக்கும்போது வருகிற அந்த மணம் எனக்கும் பிடிக்கும்.

ஆனால் தம்பி, கடைசியில் போகிறபோக்கில் என்ன எழுதியிருக்கிறீர்கள்! குப்பையா?

இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு வரி. எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால் 31ஆம் நாளுக்கு ஒரு சிறு நூல் அச்சிட்டு, வந்தவர்களுக்குக் கொடுப்போம். தேவாரம், இறந்தவரின் வாழ்க்கை, வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் அதில் இருக்கும். அதைத்தான் கல்வெட்டு என்கிறோம்.

இளம் வயதில் திருகோணமலை என்.சி. வீதியில் ஒரு ரைப்செற்றிங் கடையில் இருந்தேன். கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். துக்கம் ஆறாத முகங்கள், ஆனால் வம்சாவளிப் பக்கம் வந்ததும் சண்டை பிடிப்பார்கள். மூத்த தாரத்துப் பிள்ளைகளைப் போடுவதா விடுவதா? சொல்லாமல் கலியாணம் கட்டிப் போன மகளின் பேர் எங்கே வரும்? ஒருமுறை மூதூரிலிருந்து ஓர் அம்மா வந்தா. புருஷனின் சகோதரங்களைச் சொல்லிக்கொண்டு வந்தவ, சின்னனில் செத்துப்போன ஒரு பெண்பிள்ளையின் பேரில் நின்றுவிட்டா. "இடம் விட்டு வையுங்கோ தம்பி, கேட்டுக்கொண்டு வாறன்" என்றா. அடுத்த நாள் லோஞ்சில் திரும்பி வந்து அந்தப் பேரைச் சொல்லிவிட்டுப் போனா. வேறு எந்தத் தாளில் அந்தப் பிள்ளையின் பேர் இருந்திருக்கும்? இடப்பெயர்வில் பாதிப் பத்திரங்கள் போயின. மிச்சத்தில் பலதை 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் கொண்டுபோனது.

இப்போது அந்தக் கடை இல்லை. கணினிகளை நிறைக்கு விற்றுவிட்டார்கள். அண்மையில் ரொறன்ரோவிலிருந்து ஒரு பிள்ளை தன் பூட்டனின் கல்வெட்டு கிடைக்குமா என்று என்னிடம் கேட்டது. அதே நினைவோடு இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. கோபத்துக்கு அதுதான் காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள். முழுவதும் பொறுக்கவும் வேண்டாம்.

உங்கள் அப்பா தட்டியது பாமினியில். அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். அவர் 'தமிழ்' என்று அடித்ததைக் கணினி ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் சேமித்திருக்கிறது. எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் நீங்கள் கண்ட குப்பை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோட்டில் அப்படியில்லை. அகரத்துக்கு 2949 என்று தனி எண், எந்தக் கணினியிலும் அது அகரமே. 1991இலேயே யூனிகோட்டில் தமிழுக்கு இடம் வந்துவிட்டது. ஆனால் அன்று நாங்கள் பக்கம் அமைத்த பேஜ்மேக்கர் சொப்ட்வெயருக்கு யூனிகோட் தெரியாது. கடைகள் பாமினியை விடாததற்கு அது போதும். அப்பாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே அந்தக் கணினி இயங்கும்போதே எல்லாவற்றையும் பிரதி எடுங்கள், இரண்டு இடத்தில். விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் ஃபொன்ற்ஸ் போல்டரையும் விடாதீர்கள், அப்பா பாவித்த அதே எழுத்துரு அங்கேதான் இருக்கும். அதை உங்கள் லப்டொப்பில் நிறுவினாலே வேர்ட் கோப்புகள் தமிழாகிவிடும். பிறகு சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி போன்ற ஒன்றில் போட்டு யூனிகோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இங்கேதான் அவசரப்பட்டுக் கெடுப்பீர்கள், எனக்குத் தெரியும். கோப்பை முழுதாக அள்ளி நோட்பேடில் கொட்டாதீர்கள். (மேலே நோட்பேட் போதும் என்றது புதிதாக எழுதுவதற்கு.) கொட்டினால் எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்ற அடையாளம் போய்விடும். மருமகன் இருந்த லண்டன் ஆங்கிலத்தில் அடிக்கப்பட்டிருந்தால், மாற்றி அதை 'டுழ' என்று தொடங்கும் ஏதோவாக்கிவிடும். வேர்டில் வைத்துக்கொண்டு பாமினிப் பகுதியை மட்டும் எடுத்து மாற்றுங்கள். கொம்பு வரும் எழுத்துகளையும் பாருங்கள். பாமினியில் 'கெ' அடிக்கக் கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோட்டில் ககரம்தான் முதல். வரி உடைந்த இடங்களில் கொம்பு தன் எழுத்தை விட்டுப் பிரிந்துபோகலாம். பழைய கோப்பையும் அழிக்காதீர்கள், நாளைக்கு இதைவிட நல்ல மாற்றி வரும்.

போன் கமெராவின் மெகாபிக்சல் உங்களுக்கு மனப்பாடம். புதுச் சொப்ட்வெயர் வந்த அன்றே நிறுவி நோண்டிப் பார்க்கிற ஆள் நீங்கள். இந்தப் பழைய சொப்ட்வெயரில் மட்டும் ஏன் ஐயா இந்த அலட்சியம்? இதிலும் நோண்ட எவ்வளவோ இருக்கிறது.

அப்பா எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் இருக்கிறார் என்றால், மாற்றிய கோப்புகளை அவரிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொல்லுங்கள். சிதைந்துபோன பேர் சின்னத்தம்பியா சின்னத்துரையா என்று உங்களுக்கோ எனக்கோ தெரியாது, அவருக்குத் தெரியும். எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள். பக்கத்தில் இருந்து, இவர் யார், அவ யார் என்று கேளுங்கள். முதல் கோப்பு முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். கொம்புகளை நான் பார்க்கிறேன்.