வாசகர் கேள்விகள்: சிகிரியாவில் ஒரு நாள்

சென்ற இதழில், நானும் என் கணவரும் இலங்கையின் சிகிரியா மலைக்கோட்டைக்குப் போய் வந்ததைச் சில வரிகளில் குறிப்பிட்டிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் நான்கிற்கு இங்கே விடை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை வாசகி: கொழும்பில் வேலை பார்க்கும் எங்கள் மகன் தை மாதம் எங்கள் இருவரையும் அழைத்திருக்கிறான். என் கணவருக்கு வயது 66, முழங்கால் வலியும் உண்டு. சிகிரியாவில் ஏறத்தாழ 1,200 படிகள் என்கிறார்கள். அவரால் ஏற முடியாவிட்டால் அங்கே போவதே வீண்தானா?

வீண் இல்லை, அம்மா. சிகிரியா என்றதும் சுமார் 180 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும் அந்தப் பாறையும், அதன் உச்சியில் இருந்த அரண்மனையும்தான் எல்லோர் நினைவுக்கும் வருகின்றன. ஆனால் 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசியப்ப மன்னன் எடுத்த அந்தக் கோட்டையில், பாதி அழகு அடிவாரத்திலேயே இருக்கிறது. மேற்கு வாசலில் அகழியைக் கடந்து உள்ளே நுழைந்தால், பாறையை நோக்கி நேராகச் செல்லும் நடைபாதையின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்த குளங்களும், ஓடைகளும், தீவு போன்ற மேடைகளும் வரிசையாக வருகின்றன. அந்தப் பகுதி ஏறக்குறைய சமதளம். அதை அவசரமாகக் கடந்து படிக்கட்டை நோக்கி ஓடுகிறவர்களைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

என் கணவருக்கும் முழங்கால் தொந்தரவு உண்டு. நாங்கள் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். முதல் நாள் பத்து மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தோம். அதற்குள் கல்லும் இரும்புக் கைப்பிடியும் சுடத் தொடங்கிவிட்டன. பாதி வழியில் அவருக்குத் தலை சுற்றியதால் இறங்கிவிட்டோம். மறுநாள் வாசல் திறந்தவுடனே போய், அவர் சிங்க வாசல் மேடை வரைக்கும் நிதானமாக ஏறினார். ஒரு காலத்தில் அங்கே செங்கல்லாலும் சுதையாலும் அமைந்த பெருஞ்சிங்கத்தின் உடலுக்குள் புகுந்துதான் மேலே போக வேண்டியிருந்தது. இப்போது மிஞ்சியிருப்பவை முன்னங்கால்கள் இரண்டு மட்டுமே. ஒரு நகத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்ட சிறு பெண்பிள்ளை அதைவிடக் கொஞ்சம்தான் உயரமாக இருந்தாள். அந்த நிழலில் அவரை உட்கார வைத்துவிட்டு, கடைசி இரும்புப் படிகளை நான் மட்டும் ஏறி வந்தேன். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாறை இடுக்கில் பெரிய குளவிக் கூடுகள் உண்டு. நம்மூரில் கதண்டு என்று அஞ்சுவோமே, அதே அச்சம் அங்கும் இருப்பதால், சத்தம் போடக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கை பிடித்து ஏற்றிவிடுவதாகக் கூடவே வருகிறவர்களிடம் தொகையை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

அம்பாசமுத்திரம் வாசகர்: மோட்டார் இல்லாத காலத்தில் அங்கே நீரூற்றுகள் இருந்தன என்று எழுதியிருந்தீர்கள். அது எப்படி முடியும்?

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் உங்களுக்கு இதை விளக்குவது எளிது. குளத்தின் உள்வாயில் குமிழி மடை வைத்து, நீரைத் தரைக்கடியில் இறக்கி, கரைக்கு அந்தப் பக்கம் வெளியே எடுக்கிறோம் அல்லவா? அங்கேயும் நீரைத் தரைக்கடியில்தான் கொண்டு போயிருக்கிறார்கள். உயரத்தில் தேக்கிய நீர் புதைத்த வாய்க்கால் வழியாக இறங்கி வரும்போது, தன் பழைய மட்டத்துக்கே எழ முயலும். வாய்க்கால் முடியும் இடத்தில் துளைகள் இட்ட வட்டமான சுண்ணாம்புக்கல் பலகையைப் பதித்துவிட்டால், அந்த அழுத்தத்தில் நீர் துளை வழியே மேலே எழும்புகிறது. வேறு விசை எதுவும் அதற்குத் தேவையில்லை.

நல்ல மழைக்காலத்தில் அவை இன்றும் வேலை செய்கின்றன என்பதுதான் பெரிய வியப்பு. நாங்கள் போயிருந்தபோது முதல் நாள் இரவு பலத்த மழை. காலையில் ஒரு கல்லின் துளைகளில் நீர் நான்கு விரற்கடை உயரத்துக்குக் குமிழியிட்டு எழுந்து, ஓரமாக வழிந்து, பாசி படிந்த சிறு தொட்டியில் சேர்ந்துகொண்டிருந்தது. பொதுப்பணித் துறையில் மதகுகளோடும் ஷட்டர்களோடும் முப்பது ஆண்டுகள் பழகிய என் கணவர், முழங்கால் வலியை மறந்து அதன் அருகே குந்தி உட்கார்ந்துவிட்டார். "இத்தனை நூற்றாண்டாக இந்த வாய்க்கால் தூர்ந்து போகவில்லை பார்" என்று மட்டும் சொன்னார். ஒன்றரை ஹெக்டேர் பரப்புள்ள உச்சியிலும், பாறையைக் குடைந்து வெட்டிய பெரிய குளம் ஒன்றில் மழைநீர் நின்றுகொண்டிருந்தது.

நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற அதே வடகிழக்குப் பருவமழைதான் அந்தப் பகுதிக்கும். ஊற்றைக் காண வேண்டுமானால் அப்போது போகலாம்; ஆனால் படிகள் வழுக்கும். தை மாதம் இரண்டுக்கும் நடுவான காலம்.

தென்காசி வாசகர்: சிகிரியா ஓவியங்களைப் படம் எடுக்க விடுவார்களா?

விடுவதில்லை, அது சரி என்பதே என் கருத்து. 1967இல் யாரோ சிலர் அவற்றின்மேல் பச்சைச் சாயத்தை அள்ளிப் பூசினார்கள். சீராக்குவதற்கு இத்தாலியிலிருந்து வல்லுநரை அழைக்க வேண்டியிருந்தது. பாறை மடிப்பில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட பெண் உருவங்கள் மிஞ்சியிருக்கின்றன. மலர் ஏந்திய ஒரு கையில், முதலில் வரைந்த விரல்கோட்டை ஓவியன் பின்னர் திருத்தியிருப்பதுகூடக் கண்ணுக்குத் தெரிகிறது. கடையநல்லூர் பக்கம் திருமலாபுரம் குடைவரையில் பாண்டியர் கால ஓவியத்தின் எச்சங்கள் இருக்கின்றன. நீங்கள் இன்னும் அங்கே போகவில்லையென்றால், சிகிரியாவுக்கு முன்னால் அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

சங்கரன்கோவில் வாசகி: பெற்ற தகப்பனைக் கொன்றவன் கட்டிய அரண்மனையை எப்படி ரசிக்க முடிந்தது? எனக்கு மனம் ஒப்பவில்லை.

எனக்கும் ஒப்பவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். காசியப்பனின் தந்தை தாதுசேனன். அன்றைய தலைநகரான அநுராதபுரத்தில் ஒருவர் பின் ஒருவராக ஆண்ட ஆறு தமிழ் மன்னர்களின் ஆட்சியை முடித்து அரியணை ஏறியவன் அவன். அந்த அறுவரில் முதல்வனின் பெயர் பாண்டு என்று படித்தபோது, பாண்டி நாட்டுக்காரியான எனக்கு ஒரு கணம் மனம் நின்றது. தாதுசேனனின் பெரும்பணி கலாவெவ என்னும் ஏரி. மகன் காசியப்பன் 477இல் தந்தையைச் சிறைப்படுத்தி, புதையல் எங்கே என்று கேட்டபோது, தாதுசேனன் அந்த ஏரிக்குப் போய் நீராடி, நீரைக் கையில் அள்ளிப் பருகிவிட்டு, இதுதான் என் செல்வம் முழுவதும் என்று சொன்னதாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. பிறகு அவனைக் கொன்றார்கள். நாட்டை விட்டுத் தப்பி இந்தியாவுக்கு வந்த இன்னொரு மகன் முகலனுக்கு அஞ்சித்தான் காசியப்பன் இந்தப் பாறைமேல் ஏறினான். 495இல் முகலன் படையோடு திரும்பிய போரில், காசியப்பனின் யானை சேற்றைக் கண்டு விலகித் திரும்ப, அரசன் பின்வாங்குகிறான் என்று நினைத்த படை கலைந்தது. அவன் தன் கத்தியாலேயே தன்னை மாய்த்துக்கொண்டான். வென்றவன் அங்கே ஒரு நாளும் அரசிருக்கவில்லை. மலையைத் துறவிகளுக்குக் கொடுத்துவிட்டு அநுராதபுரம் போய்விட்டான்.

ஆகவே நான் ரசித்தது வாய்க்கால் வெட்டியவர்களையும், சுவர் பூசியவர்களையும், வண்ணம் குழைத்தவர்களையும்தான். மலையிலிருந்து இறங்கிய மாலை நாங்கள் இருவரும் கெக்கிராவவுக்கு அருகிலுள்ள கலாவெவவுக்குப் போனோம். அங்கிருந்து அநுராதபுரம் வரை ஏறத்தாழ 87 கிலோமீட்டர் ஓடும் கால்வாய், தொடக்கப் பகுதியில் மைலுக்கு ஆறு அங்குலம்தான் சரிகிறதாம். கரையில் நின்றபோது, தாதுசேனன் அள்ளிய நீர் இதுதானே என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. நீங்களும் அந்தக் கரையைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

பாளையங்கோட்டை அம்மா, உங்கள் மகனிடமும் அங்கே அழைத்துப் போகச் சொல்லுங்கள். கார் கரைமேலேயே போகும். ஏறுவதற்கு ஒரு படியும் இல்லை.