வாசகர் கேள்வி: ஒரு ரெஜிஸ்டரா, இரண்டா?

கேள்வி: ஹாஸ்கெல் என்ற நிரல் மொழியில் 8 பிட் கூட்டி (வரும் எண்களைச் சேர்த்துக்கொண்டே போகும் அக்யுமுலேட்டர்) ஒன்று எழுதினேன். பழைய நிலையையும் (அதுவரை சேர்ந்த தொகை) உள்ளீட்டையும் வாங்கி, புதிய நிலையையும் வெளியீட்டையும் தருகிற சாதாரண ஃபங்ஷன்தான். இதை மின்சுற்றாக மாற்றும் கம்பைலர், நார்மலைஸ் செய்யும்போது, அதாவது நிரலை எளிய சீரான வடிவத்துக்குக் கொண்டுவரும்போது, நிலை மாறியை மற்ற மாறிகளைப் போலவே நடத்தலாமா?

பதில்: கூடாது. நீங்கள் எழுதியிருப்பது ஜார்ஜ் மீலி 1955-இல் விவரித்த வகை இயந்திரம்: வெளியீடு நிலையையும் உள்ளீட்டையும் பொறுத்தது. நிரலில் பழைய நிலை, புதிய நிலை என்று இரண்டு பெயர்கள். சுற்றில் அவை ஒரே ரெஜிஸ்டரின் (மதிப்பைச் சேமித்து வைக்கும் பகுதி) இரண்டு பக்கங்கள்: புதியது உள்ளே போகும் கம்பி, பழையது வெளியே வரும் கம்பி. இந்த உறவு உங்கள் ஃபங்ஷனுக்குள் எங்கும் எழுதப்படவில்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் பிறந்த, ஹாஸ்கெல் நிரலை மின்சுற்றாக மாற்றும் க்ளாஷ் கம்பைலரில், தொடக்கக் காலத்தில் இதற்காகவே நிலைக்குத் தனி டைப் உறை இருந்தது. அந்த உறையைப் பிரிப்பதாலும் மூடுவதாலும் சுற்றில் ஒரு லாஜிக் கேட் கூட உண்டாகாது.

நான் எழுதிய சிறு கம்பைலரில் இதைச் சரியாகக் கவனிக்கவில்லை. கூட்டியின் விடையை ஒரு லெட் மாறியில் (இடையில் பெயரிட்டு வைக்கும் மதிப்பு) வைத்து இரண்டு இடங்களில் பயன்படுத்தியிருந்தேன். நார்மலைசர் அந்த மாறியை எடுத்துவிட்டு, இரண்டு இடத்திலும் அழைப்பையே எழுதிவிட்டது. நிலையுள்ள ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு ரெஜிஸ்டர் ஒதுக்குவது என் கம்பைலரின் வழக்கம். சிமுலேஷனில் விடை சரி. நிரலைக் கேட்களாக மாற்றும் சிந்தசிஸ் அறிக்கையில், பிட்டுக்கு ஒன்றாக 8 ஃப்ளிப்-ஃப்ளாப் இருக்க வேண்டிய இடத்தில் 16! இரண்டு நாள் தேடினேன். அன்றிலிருந்து, நிலை தொட்ட அழைப்பை நகலெடுக்கவே விடுவதில்லை.

நிபந்தனைக்கேற்ப வழி பிரியும் கேஸ் கிளைகளையும் பாருங்கள். ஒரு கிளையில் மட்டும் கூட்டியை அழைத்தாலும் சுற்று எப்போதும் அங்கேயே இருக்கும். அழைக்காத கிளை பழைய நிலையை அப்படியே திருப்பித் தர வேண்டும். ரெஜிஸ்டருக்கு முன்னால், பல உள்ளீடுகளில் ஒன்றைத் தேர்ந்து அனுப்பும் மல்ட்டிபிளெக்சர் ஒன்று வரும். அப்புறம், ஒரே பழைய நிலையை வெவ்வேறு உள்ளீடுகளோடு இரண்டு அழைப்புகளுக்குக் கொடுத்தால் இரண்டு புதிய நிலைகள் பிறக்கும். ரெஜிஸ்டரில் இடம் ஒன்றுக்குத்தான். இரண்டில் ஒன்றை நிரல் தேர்ந்தெடுக்காவிட்டால் கம்பைலர் பிழை சொல்லி நிறுத்துவதே நியாயம்.

இன்றைய க்ளாஷில் உங்கள் ஃபங்ஷனை மாற்றாமல், தொடக்க மதிப்போடு சேர்த்து 'மீலி' ஃபங்ஷனிடம் கொடுத்துவிடலாம். ரெஜிஸ்டரும் திரும்பி வரும் கம்பியும் வெளியே தெளிவாக நிற்கும். உள்ளே மிஞ்சுவது நிலையே இல்லாத தூய கணக்கு.